80-ல் நிறுத்திய சார்ஜ்: டர்பனில் மூன்று வருடம் ஓட்டிய ஒரு செட்டிங்கின் ரிவ்யூ

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது லேப்டாப் ரிவ்யூ இல்லை. கீபோர்டு எப்படி, ஸ்கிரீன் எப்படி என்று ஏற்கெனவே ஏகப்பட்ட பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுதப் போவது அதற்குள் இருக்கும் ஒரே ஒரு செட்டிங் பற்றி. மெஷின் லெனோவோ திங்க்பேட் டி14, இரண்டாம் தலைமுறை, 2022 ஆகஸ்டில் டர்பனில் வாங்கியது. வாங்கிய அன்று சாயங்காலமே சார்ஜ் 80 சதவீதத்தைத் தாண்டி ஏறக் கூடாது என்று வைத்தேன். மூன்று வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது கணக்குப் பார்க்கலாம்.

நான் சென்னையில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கணக்கு வேலை செய்கிறேன். லேப்டாப் என்று பேர்தான், மடியில் வைத்து நான் பார்த்ததில்லை. காலை ஏழு மணியிலிருந்து சாயங்காலம் வரை அதே மேஜை, அதே பிளக். தென்னாப்பிரிக்காவின் பிளக் தெரிந்தவர்களுக்குப் புரியும்: மூன்று உருண்டைக் கால், ஊரில் ஏசிக்கும் கீசருக்கும் போடுகிற பெரிய பிளக்கின் அதே வடிவம், இங்கே டேபிள் லாம்ப்புக்கும் அதுதான். ஒரு தடவை செருகினால் பிடுங்க மனசே வராது. அப்படித்தான் பழைய லேப்டாப்பை இரண்டரை வருடம் செருகியே வைத்திருந்தேன், இருபத்திநாலு மணி நேரமும் நூறு சதவீதத்தில்.

அதன் கதை இப்படி முடிந்தது. (கம்பெனி பேர் வேண்டாம், எந்தக் கம்பெனி பேட்டரிக்கும் இது நடக்கும்.) முதலில் டச்பேடின் இடது மூலை அமுங்க மறுத்தது. அழுக்கு சேர்ந்திருக்கும் என்று துடைத்தேன். ஒரு வாரம் கழித்து, டைப் செய்யும்போது மேஜையில் லேசாக ஆடியது. மேஜையின் கால்தான் சரியில்லை என்று நினைத்து அட்டை மடித்து முட்டுக்கொடுத்தேன், சிரிக்காதீர்கள். அப்புறம் ஒரு நாள் மூடும்போது மூடி முழுசாகப் படியவில்லை, ஐந்து ரேண்ட் நாணயம் நுழையும் அளவுக்கு இடைவெளி. அடிமூடியைக் கழற்றினால், பேட்டரிக்குள் செல்களை அடைத்து வைத்திருக்கும் மூன்று பைகளில் இரண்டு உப்பி, மேலே இருந்த டச்பேடை முட்டித் தூக்கிக்கொண்டிருந்தன. விரலால் தொட்டபோது பையின் மேல்தாள் டம்மென்று விறைப்பாக இருந்தது. தொட்டிருக்கவே கூடாது. உப்பிய பேட்டரியை அமுக்குவது, குத்துவது, இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம் என்று மறுபடி சார்ஜ் போடுவது எல்லாமே தீப்பிடிக்கும் வேலை.

ஏன் உப்பியது என்று அப்புறம்தான் படித்தேன். நான் நினைத்தது, சார்ஜர் ஓயாமல் கரண்டைத் திணித்துக்கொண்டே இருந்திருக்கும் என்று. அது தப்பு. நிறைந்ததும் சார்ஜிங் சர்க்யூட் தானே நிறுத்திவிடுகிறது, லேப்டாப் நேராக அடாப்டரிலிருந்து ஓடுகிறது. பிரச்சினை, நிறைந்த நிலையிலேயே நாள்கணக்கில் நிற்பதுதான். ஒரு லித்தியம் அயான் செல் நிறைந்து நிற்கும்போது அதன் மின்னழுத்தம் 4.2 வோல்ட், இப்போதைய லேப்டாப் செல்களில் 4.4 வரைக்கும் கூடப் போகிறது. அந்த உச்சத்தில் நிற்க நிற்க உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைகிறது, சிதைந்தால் வாயு வருகிறது, பையோ சீல் வைத்தது, வாயு போக வழியில்லை. சூடும் சேர்ந்தால் எல்லாம் இன்னும் வேகம். வயிறு முட்டச் சாப்பிட்டவனை வெயிலில் நிற்க வைத்தது மாதிரி.

எவ்வளவு வேகம் என்பதற்குக் கனடாவின் கேடெக்ஸ் நிறுவனம் நடத்தும் பேட்டரி யுனிவர்சிட்டி தளத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது, எனக்கு அதுதான் கண்ணைத் திறந்தது. பேட்டரியை உபயோகிக்கவே இல்லை, சும்மா ஒரு வருடம் வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 டிகிரியில், 40 சதவீதச் சார்ஜில் வைத்தால் வருடக் கடைசியில் கொள்ளளவில் 96 சதவீதம் மிஞ்சும். நூறு சதவீதத்தில் வைத்தால் 80தான் மிஞ்சும். 40 டிகிரியில் அதே கணக்கு 85, 65 என்று இறங்குகிறது. டர்பனில் பிப்ரவரி மாதத்துப் புழுக்கத்தில், ஃபேன் சுற்றும் லேப்டாப்பின் வயிற்றுக்குள் 40 டிகிரி என்பது பெரிய விஷயமே இல்லை. என் பழைய பேட்டரி 41,000 மில்லிவாட் மணியில் பிறந்து, உப்புவதற்கு முன்னால் கடைசியாகப் பார்த்தபோது 24,000-க்குக் கிட்டே இருந்தது. ஒரு நாள்கூட வெளியே எடுத்துப் போய் ஓட்டாத பேட்டரி! அதுதான் எரிச்சல்.

சரி, செட்டிங்குக்கு வருவோம்.

திங்க்பேடில் இதற்கு லெனோவோ வான்டேஜ் என்ற ஆப் வேண்டும். உள்ளே பவர் பகுதியில் பேட்டரி சார்ஜ் த்ரெஷோல்ட் என்று ஒரு சுவிட்ச். அதைப் போட்டால் இரண்டு எண் கேட்கும்: எந்த அளவுக்குக் கீழே போனால் சார்ஜ் தொடங்கணும், எங்கே நிறுத்தணும். நான் 75, 80 என்று வைத்தேன். இந்த முதல் எண்தான் இதில் எனக்குப் பிடித்தது. பிளக்கை ஐந்து நிமிஷம் கழற்றி மறுபடி போட்டால் 78-லிருந்து 80-க்கு ஏற்றலாமே என்று அது அவசரப்படுவதில்லை, 75-க்குக் கீழே இறங்கினால்தான் சார்ஜே தொடங்கும். மற்ற நேரம் பேட்டரி சும்மா கிடக்கிறது. ஒரு எச்சரிக்கை: ஏற்கெனவே நூறில் இருக்கும்போது இதைப் போட்டால் அது தானாக 80-க்கு இறங்காது. ஒரு தடவை பிளக்கைக் கழற்றி நீங்களே 80-க்குக் கீழே இறக்கிவிட வேண்டும். "செட்டிங் போட்டேன், ஒன்றும் ஆகவில்லையே" என்று கேட்பவர்களில் பாதிப் பேர் இதில்தான் மாட்டியிருப்பார்கள்.

மற்ற மெஷின் வைத்திருப்பவர்களுக்கு: ஆசஸில் மைஆசஸ் ஆப்பில் 80-ல் நிறுத்தும் வசதி உண்டு. டெல்லில் பயாஸிலேயே (விண்டோஸ் தொடங்குவதற்கு முன்னால் திறக்கும் செட்டிங் திரை) வைக்கலாம், எப்போதும் பிளக்கில் ஓட்டுபவர்களுக்கென்றே ஒரு நிலை இருக்கிறது, நாமே எண் கொடுக்கவும் வழி இருக்கிறது. ஹெச்பியின் ஆபீஸ் மாடல்களில் பயாஸில் பேட்டரி ஹெல்த் மேனேஜர் என்று தேடுங்கள். லெனோவோவிலேயே ஐடியாபேட் வகையறாவில் நாமாக எண் வைக்க முடியாது, கன்சர்வேஷன் மோட் என்று ஒற்றைச் சுவிட்ச்தான். பழைய மாடல் என்றால் அது 60-க்குப் பக்கத்திலேயே நிறுத்திவிடும், பயந்துவிடாதீர்கள். லினக்ஸ்காரர்களுக்கு இதற்கென டிஎல்பி என்ற புரோகிராம் இருக்கிறது, அவர்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. ஆப்பிள் பக்கம் எனக்குப் பழக்கம் இல்லை. எந்தக் கம்பெனியானாலும் இந்த வசதியைப் பெட்டியைத் திறந்ததும் கேட்பதில்லை, நாமேதான் தோண்டி எடுக்க வேண்டியிருக்கிறது.

இப்போது கணக்கு. விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து பவர்சிஎஃப்ஜி என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, ஒரு சாய்கோடு போட்டு, ஒட்டினாற்போல் பேட்டரிரிப்போர்ட் என்று அடித்தால் (எல்லாம் ஆங்கில எழுத்தில்தான்) ஒரு ஃபைல் உருவாகும். அதில் பார்க்க வேண்டியது இரண்டு வரி: டிசைன் கொள்ளளவு, இப்போது நிறைந்தால் கிடைக்கும் கொள்ளளவு. என் திங்க்பேடின் டிசைன் 50 வாட் மணி. இந்த மாசம் பார்த்தபோது நிறைந்தால் 46-க்குக் கொஞ்சம் மேலே. மூன்று வருடத்தில் எட்டு சதவீதம்கூட இழக்கவில்லை. சைக்கிள் கவுன்ட், அதாவது மொத்தத்தில் எத்தனை முழுச் சார்ஜ் அளவுக்குப் பேட்டரி ஓடியிருக்கிறது என்ற கணக்கு, 140 சொச்சம். அதிலும் பெரும்பங்கு நான் விளையாட்டுக்கு ஓட்டியது இல்லை, லோட் ஷெட்டிங் (ஏரியா ஏரியாவாக முறை வைத்துக் கரண்டை நிறுத்துவது) ஓட்டியது.

லோட் ஷெட்டிங் என்று சொன்னேன் இல்லையா, இந்தச் செட்டிங்கோடு எனக்கு வந்த ஒரே சண்டை அதில்தான். வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் பேட்டரி அறிவுரையில் இது வராது. அவர்களுக்குக் கரண்ட் போகாது.

நான் வாங்கிய சமயம் டர்பனுக்கு லோட் ஷெட்டிங்கிலிருந்து விலக்கு இருந்தது, அந்த வருடம் ஏப்ரல் வெள்ளத்தில் ஊரின் மின் அமைப்பே சேதமாகியிருந்ததால். அதனால் 80 என்று வைத்துவிட்டு மறந்தே போனேன். வருடம் முடிவதற்குள் விலக்கு போய்விட்டது. 2023 தொடங்கியதும் ஸ்டேஜ் 6 வரை போனார்கள் (ஸ்டேஜ் எண் கூடக் கூடக் கரண்ட் இல்லாத நேரமும் கூடும்), பிப்ரவரியில் அரசே மின்சார நெருக்கடிக்காகத் தேசியப் பேரிடர் நிலை அறிவித்தது. அந்த மாசம் ஒரு நாள் சென்னையில் பகல் இரண்டு மணி மீட்டிங், இங்கே காலை பத்தரை. பத்து மணிக்குக் கரண்ட் போனது. 80-ல் இருந்து தொடங்கினேன், வீடியோ கால், பக்கத்தில் பெரிய எக்செல் ஷீட், ஸ்கிரீன் ஷேர் வேறு. மேனேஜர் ஜிஎஸ்டி வித்தியாசத்தைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்ல வாயைத் திறக்கும்போது ஏழு சதவீதம் என்று சிவப்பாக ஒரு அறிவிப்பு. பன்னிரண்டு மணிக்கு வர வேண்டிய கரண்ட் பன்னிரண்டரைக்குத்தான் வந்தது. அந்த இருபது சதவீதம் இருந்திருந்தால் பதில் சொல்லி முடித்திருப்பேன். அன்றைக்கு வந்த கோபத்தில் செட்டிங்கைத் தூக்கி எறிந்துவிட்டு இரண்டு வாரம் நூறிலேயே ஓட்டினேன்.

அப்புறம் நிதானமாக யோசித்தால், தப்பு 80-இல் இல்லை, நான் மறந்து போனதில்தான். இங்கே எல்லோர் போனிலும் லோட் ஷெட்டிங் நேரம் சொல்லும் ஆப் இருக்கிறது, இஸ்கொம்சேபுஷ் என்று. (அந்தப் பேருக்கு அர்த்தம் ஆஃப்ரிகான்ஸ் தெரிந்த நண்பரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.) அது கரண்ட் போவதற்கு ஒரு மணி நேரம் போல முன்னாலேயே மணி அடிக்கும். மணி அடித்தால் வான்டேஜைத் திறந்து த்ரெஷோல்டை அணைத்துவிடுவேன், நூறுக்கு ஏறும், கரண்ட் போகும், பேட்டரியில் வேலை செய்வேன், இறங்கிவிடும். நூறில் அது நிற்பது அதிகபட்சம் பத்து நிமிஷம். நிறைந்த கையோடு இறக்கிவிட்டால் பேட்டரிக்குப் பெரிய பாதகம் இல்லை, நாள்கணக்கில் அங்கேயே நிற்க வைப்பதுதான் கெடுதல்.

இதில் ஒரு சின்ன விஷயம் பழகிய பிறகுதான் தெரிந்தது. 20-லிருந்து 80 வரை விறுவிறுவென்று ஏறும் பேட்டரி, 80-லிருந்து நூறுக்குப் போக முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. கெட்டுப்போய் இல்லை, சார்ஜ் செய்யும் முறையே அப்படி. முதலில் ஒரே அளவு கரண்டைத் தள்ளுகிறது. மின்னழுத்தம் உச்சியைத் தொட்டதும் அழுத்தத்தை அப்படியே பிடித்துக்கொண்டு கரண்டைக் குறைத்துக்கொண்டே வருகிறது, படிக்குத் தானியம் அளப்பவர் கடைசியில் சிட்டிகை சிட்டிகையாகப் போடுகிற மாதிரி. அதனால் கரண்ட் போக இருபது நிமிஷம் இருக்கும்போது செட்டிங்கை அணைத்துப் பிரயோஜனம் இல்லை, மணி அடித்த உடனே அணைக்க வேண்டும்.

நான் செய்த இரண்டாவது காரியம், ரவுட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ் வாங்கியது. கையடக்கப் பெட்டி, ஆறு எழுநூறு ரேண்ட் ஆனது. லேப்டாப் எத்தனை மணி நேரம் தாங்கினாலும் இன்டர்நெட் இல்லாவிட்டால் என்ன செய்வது? அதுவரை கரண்ட் போனால் போன் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்போடு ஒயரில் மாட்டிவிடுவேன், போன் தன் பங்குக்கு லேப்டாப் பேட்டரியையே உறிஞ்சிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தியதும் நிலைமை மாறிவிட்டது: மெயில், டாலி, எக்செல் என்று இருந்தால் 80 சதவீதத்திலேயே நான்கு மணி நேரம் வருகிறது. வீடியோ கால் இருக்கும் நாளுக்குத்தான் நூறு தேவைப்பட்டது. 2024 மார்ச் 26-க்குப் பிறகு பத்து மாசத்துக்கு மேல் லோட் ஷெட்டிங்கே இல்லை, அடுத்த வருடம் ஜனவரி கடைசியில் திடீரென்று மறுபடி எட்டிப் பார்த்தது. ஆப்பை அழித்துவிட்டவர்கள் எல்லாம் அன்றைக்கு மறுபடி இறக்கினார்கள். நான் அழிக்கவில்லை.

பேட்டரி மாற்றும் கடை அனுபவம் ஒன்றும் இருக்கிறது. உப்பிய பழைய பேட்டரிக்கு மாற்று தேடி கிரே ஸ்ட்ரீட் பக்கம் போனேன். பெயர்ப்பலகையில் டாக்டர் யூசுஃப் டாடூ ஸ்ட்ரீட் என்று மாறிப் பல வருடம் ஆகியும் பழைய ஆட்கள் வாயில் அது கிரே ஸ்ட்ரீட்தான். கடை பேர் சொல்லப் போவதில்லை. ஒரிஜினல் 2,100 ரேண்ட், வர மூன்று வாரம். கம்பேட்டிபிள் 850, இன்றைக்கே மாட்டித் தருகிறேன் என்றார். 850-க்கு விழுந்தேன். வீட்டுக்கு வந்து ரிப்போர்ட் எடுத்தால் சைக்கிள் கவுன்ட் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு, நிறைந்த கொள்ளளவு முதல் நாளே டிசைனுக்குப் பத்து சதவீதம் கீழே. எட்டு மாசத்தில், 30 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே பொட்டென்று அணைந்துபோகிற நிலைக்கு வந்துவிட்டது. பழைய பேட்டரியை மட்டும் அவரே மணல் போட்ட டப்பாவில் வாங்கி வைத்துக்கொண்டார், அந்த ஒரு விஷயத்தில் பொறுப்பானவர். இங்கே மின்னணுக் கழிவைக் குப்பைமேட்டில் கொட்டுவது 2021 ஆகஸ்டிலிருந்து தடை. உப்பிய பேட்டரியைச் சூப்பர்மார்க்கெட் வாசலில் வைத்திருக்கும் பேட்டரிப் பெட்டியிலும் போடாதீர்கள், மின்னணுக் கழிவு எடுப்பவர்களிடம் சொல்லிவிட்டுக் கையில் கொடுங்கள்.

மாசம் ஒரு தடவை முழுசாக இறக்கி ஏற்ற வேண்டும் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். அது நிக்கல் காட்மியம் காலத்துப் பேச்சு. லித்தியத்தைப் பூஜ்யம் வரை இறக்குவது அதற்கு நல்லதே இல்லை. சதவீதம் காட்டும் மீட்டர் குழம்பிப் போயிருந்தால் மட்டும் எப்போதாவது ஒரு தடவை செய்யலாம், அது மீட்டரைத் திருத்த, பேட்டரியைத் திருத்த இல்லை. இன்னொன்று, லேப்டாப் 65 வாட் கேட்டால் 65 வாட் அடாப்டரே போடுங்கள். சின்ன அடாப்டர் போட்டால், வேலை கூடும்போது போதாத மின்சாரத்தைச் சில மாடல்கள் பேட்டரியிலிருந்து எடுத்துக்கொள்ளும், பிளக்கில்தானே இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். டிசம்பரில் ஆறு வாரம் ஊருக்குப் போனால் பாதிச் சார்ஜில் வைத்து, ஸ்லீப் இல்லை, ஷட் டவுன் செய்துவிட்டுப் போகிறேன். அப்புறம் கார். தைப்பூசக் காவடி அன்றைக்குத் தேவாரம் ஸ்கிரீனில் போட என்று லேப்டாப்பைக் கோயிலுக்கு எடுத்துப் போய், மதியம் வரை கார் டிக்கியில் பூட்டி வைத்த ஒரு நண்பர் இருக்கிறார். எடுத்தபோது அடிப்பக்கம் தோசைக்கல் மாதிரி சுட்டது. எந்தச் செட்டிங்கும் அதைக் காப்பாற்றாது.

மார்க் போடச் சொன்னால் ஐந்துக்கு நான்கரை. அரை மார்க் குறைத்தது எதற்கென்றால், "இன்றைக்கு மட்டும் நூறு வரை ஏற்று, நாளைக்கு நீயாகவே 80-க்குத் திரும்பிவிடு" என்று சொல்ல வான்டேஜில் எனக்கு ஒரு பட்டன் கண்ணில் படவில்லை. நானே அணைத்து, நானே ஞாபகமாகத் திரும்பப் போட வேண்டியிருக்கிறது. மானிட்டர் ஓரத்தில் "80?" என்று ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டி வைத்திருக்கிறேன்.

இதையெல்லாம் பக்கத்து வீட்டு ஆன்டியிடம் ஒரு நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்கள் குடும்பம் இங்கே வந்து ஐந்து தலைமுறை ஆகிறது. என்னோடு பேசும்போது பாதி இங்கிலீஷ், பாதி அவருடைய ஆயா சொல்லிக்கொடுத்த தமிழ். "தம்பி, எனக்கும் போட்டுக் குடு" என்று பேரனின் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். பயாஸ் வரை தேடிப் பார்த்துவிட்டேன், அந்த மாடலில் இந்த வசதியே இல்லை. பிளக்கை அவ்வப்போது கழற்றிவிடுங்கள் ஆன்டி என்றேன். அவர் உள்ளே போய், தீபாவளிக்குச் சீரியல் லைட் போடுவதற்கு வாங்கிய டைமர் பிளக்கை எடுத்து வந்தார், நேரம் வைத்தால் தானாகப் போட்டு அணைக்குமே, அது. இப்போது அந்த லேப்டாப்புக்குக் காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் கரண்ட். பேரன் ஸ்கூல் வேலைக்கு அது போதுமாம், பேட்டரி 40-க்கும் 80-க்கும் நடுவிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. தீபாவளிக்கு டைமர் வேண்டும், அந்த ஒரு வாரம் மட்டும் நீ வந்து பிளக்கைக் கழற்றிப் போடு என்று என்னிடம் சொல்லி வைத்திருக்கிறார்.